கேள்வித்தாள் கொடுத்தேன், ஆசிரியர்கள் மெமோ என்கிறார்கள்

வட மாவட்டம் ஒன்றிலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தரும் விவரங்களை நீக்கி, சுருக்கமாக இங்கே தருகிறேன்.

பதவி உயர்வில் அவர் இந்தப் பள்ளிக்கு வந்து இது இரண்டாவது கல்வியாண்டு. கடந்த பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பள்ளியின் தேர்ச்சி 91 சதவீதத்திலிருந்து 78 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கணக்கிலும் அறிவியலிலும்தான் பெரிய சரிவு. மாவட்ட அளவிலான ஆய்வுக் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "ஏன் குறைந்தது? என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு பயிற்சியில், ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் கேள்விகளால் பள்ளி முன்னேறும் என்று சொல்லப்பட்டது அவருக்குப் பிடித்திருந்தது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இருபது கேள்விகளைத் தட்டச்சு செய்து எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுத்தார். "உங்கள் பாடத்தில் மாணவர்கள் ஏன் தோல்வி அடைகிறார்கள்?", "அதில் உங்கள் பங்கு என்ன?", "அரையாண்டில் எத்தனை சதவீதத் தேர்ச்சிக்கு உறுதி அளிக்கிறீர்கள்?" என்பவை அவற்றில் சில. மூன்று நாளில் கையொப்பமிட்டுத் தர வேண்டும்.

நான்கு பேர் வெற்றுத்தாளாகத் திருப்பித் தந்தார்கள். சிலர் 'ஆம்', 'இல்லை' என்று முடித்துக்கொண்டார்கள். மூத்த கணித ஆசிரியர், "இது விளக்கம் கேட்பு என்றால் முறைப்படி கேளுங்கள், பதில் தருகிறேன்" என்று எழுதினார். அறிவியல் ஆசிரியை ஒருவர் மட்டும் மனம் திறந்து, ஒளியியல் பாடத்தை நடத்துவதில் தனக்கே தடுமாற்றம் இருப்பதாக எழுதியிருந்தார். அந்த நேர்மையைப் பாராட்டி, ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை அதை வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த ஆசிரியை அவரிடம் பேசுவதில்லை. சங்கப் பிரதிநிதி வந்து விசாரித்துவிட்டுப் போனார். தேர்ச்சி பெறாத பிள்ளைகளிடமும் தலைமை ஆசிரியை "நான் ஏன் தோல்வி அடைந்தேன்?" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒரே பதில்: "நான் சரியாகப் படிக்கவில்லை மிஸ், இனிமேல் நன்றாகப் படிப்பேன்."

அவர் கேட்பவை: பதில் எழுத மறுத்தவர்களுக்கு மெமோ கொடுக்கலாமா? அடுத்த வாரம் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தத் தாள்களை வைக்கலாமா? "நல்லதைச் செய்யப் போய் எல்லோரையும் எதிரியாக்கிக்கொண்டேன். இவர்களுக்கு முன்னேற வேண்டும் என்ற எண்ணமே இல்லையா?"

அன்புள்ள தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த வருத்தம்தான் கடிதம் முழுக்க இருக்கிறது. உங்கள் ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்ட, நீங்கள் சொன்ன எதுவும் போதாது. வெற்றுத்தாள் தந்தவர்கள் கேள்வியை ஒதுக்கவில்லை. அந்தத் தாளில் எழுதுவது தங்களுக்கு ஆபத்து என்று நினைத்தார்கள். உங்கள் நோக்கம் அதுவல்ல, தெரியும். ஆனால் அவர்கள் கைக்கு வந்தது உங்கள் நோக்கம் இல்லை, கையொப்பத்துக்கு இடம் விட்டு, கெடு போட்டு, "உங்கள் பங்கு என்ன" என்று கேட்கும் ஒரு தாள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு விளக்கம் கேட்பு என்பது பெரும்பாலும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ), 17(ஆ) பிரிவுக் குற்றச்சாட்டுக்கு முந்தைய படி. எழுத்தில் ஒப்புக்கொண்டது பின்னாளில் எந்தக் கோப்பில் போய்ச் சேரும் என்ற பயம் அவர்களுக்கு இருப்பது நியாயம். கணித ஆசிரியர் எழுதியதை நீங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மையான கேள்வியாகத்தான் தெரிகிறது. "இது எந்த வகைத் தாள் என்று முதலில் சொல்லுங்கள்" என்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆய்வுக் கூட்டத்தில் உங்களை நிற்கவைத்துக் கேட்ட கேள்வியும் நீங்கள் ஆசிரியர்களிடம் கேட்டதும், பிள்ளைகளிடம் எழுதி வாங்கியதும் ஒரே கேள்விதான்: "ஏன் குறைந்தது?" மேலிருந்து வந்த அந்த 'ஏன்' ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் போய் நின்றிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு என்ன பதில் வாயில் வந்தது? உண்மையான காரணமா, அந்த நிமிடத்தைக் கடக்க உதவும் பதிலா? உங்கள் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்ததும் அந்த இரண்டாவது வகைப் பதில்தான்.

முயற்சியே தப்பு என்று சொல்லவில்லை. தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்க்கும் ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் கலைத்திட்டச் சட்டகம் 2009லேயே சொல்லியிருக்கிறது. டொனால்ட் ஷான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983இல், கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், உளநல மருத்துவர்கள் போன்றவர்கள் தங்கள் வேலையை எப்படி யோசித்துச் செய்கிறார்கள் என்று விரிவாக எழுதினார். வேலையில் எதிர்பாராத ஒன்று நடந்து, 'இது ஏன் இப்படி ஆனது' என்று தனக்கே வியப்பு வரும்போதுதான் அந்த யோசனை தொடங்குகிறது என்பதை அவர் காட்டினார். படிவத்தை நிரப்பச் சொன்னால் அந்த வியப்பு வராது. கண்ணுக்கு முன்னால் ஒரு விடைத்தாள் இருந்தால் வரும்.

மெமோ பற்றி

கொடுக்காதீர்கள். வகுப்புக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது, பிள்ளையின் கற்றல் நிலையை மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் உதவி தருவது, பெற்றோரைச் சந்திப்பது ஆகியவை கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளாகவே இருக்கின்றன. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கானது என்றாலும், பத்தாம் வகுப்பு ஆசிரியரும் இந்தக் கடமைகளை மறுக்கப் போவதில்லை. பாடக்குறிப்பு, மதிப்பெண் பதிவேடு, வருகைப் பதிவு இவற்றைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. மனதுக்குள் இருப்பதை எழுதித் தரச் சொல்லி, எழுதாததைக் குற்றமாக்குவது வேறு விஷயம். அப்படி ஒரு மெமோ போனால், இனி நீங்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் அது குற்றச்சாட்டாகவே கேட்கும். சங்கம் வரும், பதில் வரும், கோப்பு வளரும். அரையாண்டுத் தேர்வு அதற்குள் போய்விடும்.

உண்மையிலேயே வகுப்பெடுக்காத ஒருவர் இருந்தால், அவரிடம் சுயபரிசோதனைக் கேள்வியெல்லாம் வேண்டாம். என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று நேராகச் சொல்லி, எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள். அதுதான் அவருக்கும் மரியாதை. இந்த இரண்டு வழிகளையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு உங்கள் கேள்விகள் மேல் பயம் குறையும்.

முதலில் சரிசெய்ய வேண்டியது

அறிவியல் ஆசிரியை. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி மூன்று வரிதான் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. முழுப் பள்ளியிலும் உங்கள் கேள்விக்கு நீங்கள் விரும்பியபடி பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான், அவருக்குத்தான் அடி விழுந்தது. நீங்கள் பாராட்டினீர்கள். அவர் காதில் விழுந்ததோ, "இவருக்கு ஒளியியல் வராது" என்று சக ஊழியர்கள் முன்னால் அறிவித்ததுதான். மற்றவர்களும் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டார்கள்: உண்மை எழுதினால் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அந்தக் குழுக்களில்தான் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தவர்கள் என்பதால் அல்ல, நடந்த தவறை மறைக்காமல் சொல்ல முடிந்ததால். உங்கள் பள்ளியில் "எனக்கு இது வரவில்லை" என்று ஒருவர் சொன்னது அப்படிப்பட்ட நல்ல அறிகுறி. அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

அவரைத் தனியாகப் பாருங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிடாமல், அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேசுங்கள். "உங்களைக் கேட்காமல் வாசித்தது தப்பு, மன்னித்துவிடுங்கள்" என்பது போதும். "நல்லெண்ணத்தில்தான்..." என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே விளக்கமாகிவிடும். அவர் உடனே இளகாமல் போகலாம், பொறுத்திருங்கள். அடுத்த கூட்டத்தில், வாங்கிய தாள்களை எல்லாம் அவரவரிடமே திருப்பிக் கொடுத்து, நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள். உண்மையிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வியை மாற்றுவது

இருபது கேள்வி வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒரு கேள்வி போதும், அதையும் நீங்கள் முதலில் உங்களைப் பற்றிக் கேளுங்கள்: "நான் செய்கிற எந்த விஷயம் உங்கள் வகுப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது?" பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதட்டும். பாடவேளை நடுவில் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவு) விவரம் கேட்டு ஆள் அனுப்புவது, பத்தாம் வகுப்பின் முதல் பாடவேளையைக் காலைக் கூட்டம் விழுங்கிவிடுவது என்று ஏதாவது வரும். அதில் ஒன்றை ஒரு வாரத்துக்குள் மாற்றிக் காட்டுங்கள். பதில் சொன்னால் தண்டனை வராது, மாற்றம் வரும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கேள்விக்கு வாய் திறப்பார்கள். இதைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்தால் பலன் இருக்காது.

அப்புறம் விடைத்தாள்கள். காலாண்டுக் கணக்குத் தாளில் 35க்குக் கீழே எடுத்த பத்துப் பிள்ளைகளின் தாள்களை மேசையில் பரப்பி, கணித ஆசிரியரோடு உட்காருங்கள். அதிகம் பேசாதீர்கள். ஒரே கேள்வி: "இவர்கள் எந்த வரியில் நின்றுபோயிருக்கிறார்கள்?" 'ஏன் தோற்றார்கள்' என்ற கேள்வி ஆசிரியரின் தகுதியை நோக்கிப் போகிறது. 'எந்த வரியில்' என்ற கேள்வி இருவரையும் ஒரே தாளைப் பார்க்க வைக்கிறது. ஒரு பிள்ளை காரணிப்படுத்துதல் வரை சரியாக வந்து, குறியை மாற்றாமல் விட்டிருக்கும். இன்னொன்று வாக்கியக் கணக்கைத் தொடவே இல்லை, காரணம் கணக்காக இல்லாமல் வாசிப்பாக இருக்கலாம். ஒளியியலில் வில்லைச் சமன்பாடு மனப்பாடமாக இருக்கும், கார்ட்டீசியன் குறியீட்டு மரபில் எது மிகை, எது குறை என்பதில் மொத்த வகுப்பும் தடுக்கி விழுந்திருக்கும். அது தெரிந்துவிட்டால் வேலை பாதி குறைந்த மாதிரி. அடுத்த மூன்று பாடவேளையில் என்ன செய்வது என்று ஆசிரியரே சொல்லிவிடுவார்.

நடப்பதை மட்டும் கேட்காதீர்கள், நடந்ததையும் கேளுங்கள். "போன வருடம் திருப்புதல் தேர்வு வரை இருபதைத் தாண்டாத ஒரு பிள்ளை பொதுத் தேர்வில் தேறியதா? எப்படித் தேறியது?" தேர்ச்சி 78 சதவீதம் என்றால் தேறியவர்கள் நான்கில் மூன்று பேருக்கு மேல். அவர்களில் சிலரைக் கரை சேர்த்தது உங்கள் ஆசிரியர்கள்தான். அது எப்படி நடந்தது என்று இதுவரை யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பத்துக்கு எத்தனை?

இந்த ஒரு உத்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஆசிரியரிடமும் பிள்ளையிடமும் உதவும். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் ஒரு ஆலோசனை முறையை எழுதினார். மாறச் சொல்லி வற்புறுத்தினால் மனிதர்கள் மாறாமல் இருப்பதற்கான காரணங்களையே அடுக்குவார்கள், மாற வேண்டிய காரணத்தை அவர்களே தங்கள் வாயால் சொல்லக் கேட்டால்தான் மனம் நகரும் என்பது அதன் அடிப்படை. அந்த முறையில் பயன்படும் கேள்விகளில் இது ஒன்று.

"இந்த வகுப்பை அரையாண்டுக்குள் தேற்றிவிடலாம் என்ற நம்பிக்கை உங்களுக்குப் பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறீர்கள். அவர் "நாலு" என்கிறார். நமக்கு உடனே வரும் கேள்வி, "ஏன் வெறும் நாலு? ஏன் எட்டு இல்லை?" அப்படிக் கேட்டால் குறைகளின் பட்டியல் வரும்: பிள்ளைகளுக்கு அடிப்படை தெரியாது, பெற்றோருக்கு அக்கறை இல்லை, நேரம் இல்லை. அதையே திருப்பிக் கேளுங்கள்: "நாலு சொல்கிறீர்களே, ஏன் இரண்டு இல்லை?" இப்போது அவர் தன் கையில் இருப்பதைத் தேட வேண்டும். "இல்லை, ஒரு எட்டுப் பேர் முயற்சி எடுக்கிறார்கள்... வடிவியலும் வரைபடமும் ஓரளவு போடுகிறார்கள்..." என்று வரும். அடுத்து, "நாலு ஐந்தாக என்ன வேண்டும்?" கவனியுங்கள், பத்தாக இல்லை, ஐந்தாக. அவர் கேட்பது காலையில் அரை மணி நேரம் என்றால், அதை ஏற்பாடு செய்து தருவது உங்கள் வேலை. உங்களால் முடியாததைக் கேட்டால் முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

கேட்டதும் நிறுத்திக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. அதை மூன்று நொடியாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. பெரியவர்களுக்கு மூன்று நொடிகூடப் போதாது. பதில் வராத அந்த இடைவெளியை நீங்களே பேசி நிரப்பாமல் இருப்பது, அதிகாரத்தில் இருப்பவருக்கு மிகவும் கஷ்டம். பழகிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்பது

"நான் சரியாகப் படிக்கவில்லை மிஸ்" என்ற பதிலைப் பிள்ளைகள் தங்கள் குறையை உணர்ந்துவிட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது மன்னிப்பு வாசகம். ஐந்தாம் வகுப்பிலிருந்து அவர்கள் எழுதிப் பழகியது. மாலை நேரத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய் இரவு பதினொரு மணிக்கு வரும் பையனும் அதையேதான் எழுதுவான், கரும்பலகை சரியாகத் தெரியாத பெண்ணும் அதையேதான் எழுதுவாள்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்தத் தாளை நாளைக்கே திரும்பக் கொடுத்தால் எந்தக் கேள்வியில் உனக்குக் கூடுதல் மார்க் வரும்?" "புரியாமல் நின்றபோது என்ன செய்தாய், யாரைக் கேட்டாய்?" "இன்று நடத்தியதில் இன்னொரு தடவை சொல்ல வேண்டியது எது?" கடைசிக் கேள்வியைப் பாடவேளையின் கடைசி இரண்டு நிமிடத்தில் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுத வைத்து, மறுநாள் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினால் போதும். சீட்டைப் படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் மூன்றாம் நாளே வெற்றுச்சீட்டுதான் வரும்.

ஒரு எச்சரிக்கை. மனதார எழுதச் சொன்னால் பிள்ளைகள் சில சமயம் பாடத்தைத் தாண்டியும் எழுதுவார்கள். வீட்டில் அடி, வேலைக்கு அனுப்புவது, அதைவிட மோசமானவை. பாலியல் குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிய வந்தால், போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி நீங்கள் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். பள்ளிக்குள் பேசி முடிக்கும் வேலை அங்கே கிடையாது. மற்ற சிக்கல்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் இருக்கின்றன. எழுத வைக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மேலாண்மைக் குழுக் கூட்டம்

தாள்களை அங்கே வைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்தக் குழுவுக்குப் பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கவும் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கவும் பொறுப்புக் கொடுத்திருக்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தேர்ச்சி ஏன் குறைந்தது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு, அதை மறைக்கவும் கூடாது. ஆனால் ஒரு ஆசிரியர் தன்னைப் பற்றி எழுதியதை ஊர்க்காரர்கள் கையில் கொடுப்பது வேறு. அன்று மாலையே டீக்கடையில் அது பேச்சாகிவிடும்.

எண்களைக் கொண்டுபோங்கள்: எந்தப் பாடத்தில் எத்தனை பேர், எந்த அலகில் அதிகம் விட்டிருக்கிறார்கள், வாரத்தில் எந்த நாளில் வருகை குறைகிறது. விடைத்தாளோடு உட்கார்ந்த ஆசிரியர்கள் விரும்பினால் அவர்களே பேசட்டும். பெற்றோரிடமும் "வீட்டில் ஏன் படிக்க வைக்கவில்லை?" வேண்டாம். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை எந்தப் பிள்ளைக்கு உட்கார இடமும் வெளிச்சமும் இல்லை என்று கேளுங்கள். பத்துப் பேர் என்று தெரிந்தால், பள்ளியில் ஒரு வகுப்பறையை அந்த நேரத்துக்குத் திறந்து வைக்க முடியுமா, யார் கூட இருப்பது, பெண் பிள்ளைகளை யார் வீடு வரை கொண்டுபோய் விடுவது என்பதை அந்தக் கூட்டத்திலேயே பேசித் தீர்மானமாக எழுதிவிடலாம்.